அறையில் வேறு யாரும் இருக்கக் கூடாது

விஸ்மார்
அக்டோபர் 6

என் செல்ல வீப்கே,

பெர்கனில் குளிர் தொடங்கிவிட்டதா? இங்கே உன் அப்பன் முதலாளி ஆகப் போய், முதல் படியிலேயே வழுக்கி விழுந்த கதையைக் கேள்.

கிறிஸ்துமஸ் சந்தையில் கடை போட எனக்கு இடம் ஒதுக்கிவிட்டார்கள். புகை போட்ட மீன், உன் அம்மாவின் பக்குவம், பெயர்ப்பலகையிலும் 'குட்ருன்' என்று அவள் பெயர்தான். ஆனால் தொழிலுக்கென்று தனி வங்கிக் கணக்கு காட்ட வேண்டும். மாதக் கடைசிக்குள் காட்டாவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும். கணக்குத் திறக்க வங்கிக்கே போக வேண்டாமாம், வீடியோவில் ஆளைப் பார்த்து உறுதி செய்துகொள்வார்களாம். பஸ்ஸுக்கு அடியில் படுத்து ரிப்பேர் பார்த்தே காலம் தள்ளியவனுக்கு இது என்ன புரியும்?

சமையலறையில் உட்கார்ந்தேன். திரையில் வங்கியிலிருந்து ஒரு சின்னப் பெண். அடையாள அட்டையைச் சாய்த்துக் காட்டச் சொன்னாள். சாய்த்த வேகத்தில் அது காபியில் விழுந்தது. துடைத்துக் காட்டினேன்.

"வருஷத்துக்கு எவ்வளவு வியாபாரம் ஆகும் சார்?"

வாய்க்கு வந்த பெரிய தொகையைச் சொன்னேன். அவள் என் தோளுக்கு மேலே பார்த்தாள்.

"சார், ரூம்ல நீங்க மட்டும்தான் இருக்கணும். அந்த அம்மாவைக் கொஞ்சம் வெளிய போகச் சொல்லுங்க."

"எந்த அம்மா?"

"பின்னாடி பச்சை ஏப்ரன் போட்டுக்கிட்டு சிரிக்கிறாங்களே, அவங்கதான்."

திரும்பினேன். அம்மாவின் ஏப்ரன் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்குச் சிரிக்கத் தெரியாதே.

விதிப்படி முடியாது என்று அந்தப் பெண் அழைப்பைத் துண்டித்துவிட்டாள்.

அம்மா செத்து ஒரு வருடம் ஆகப்போகிறது, வீப்கே. நான் கணக்குச் சொன்னால் அவள் எப்போதும் அப்படித்தானே சிரிப்பாள்?

காபி மணக்கும் அட்டையோடு,
உன் அப்பா டெட்லெஃப்


பெர்கன்
அக்டோபர் 14

அன்புள்ள அப்பாவுக்கு,

சிரித்துக்கொண்டே படிக்க ஆரம்பித்தேன். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தேன். அந்த வங்கிப் பெண்மேல் பொறாமையாகக்கூட இருக்கிறது. என் கனவில்கூட அம்மா வரவில்லை.

ஒன்று கேட்கட்டுமா? அம்மா போன அன்று ஜன்னலைத் திறந்தது யார்? உயிர் வெளியே போக வழி விடுவது நம் ஊரில் எல்லோரும் செய்வதுதானே. அன்று மழை கொட்டியது. நீங்கள் திறந்திருப்பீர்கள் என்று நான் நினைத்தேன். நான் திறந்திருப்பேன் என்று நீங்கள் நினைத்தீர்களா?

திறந்துவிடுங்கள், அப்பா. கடை வைப்பது அம்மாவின் ஆசை. அதுவும் கைவிட்டுப் போக வேண்டாம். சந்தை திறக்கும் நாளில் நானும் அங்கே நிற்பேன்.

உங்கள்
வீப்கே


விஸ்மார்
நவம்பர் 1

என் செல்ல வீப்கே,

நீ நினைத்தது சரி. இருவருமே திறக்கவில்லை.

உன் கடிதம் வந்த பிறகும் நான் திறக்கவில்லை. சமையலறையில் உட்கார்ந்து வேண்டுமென்றே தப்பும் தவறுமாகக் கூட்டல் போட்டேன், சத்தம் போட்டு. சிரிப்பு கேட்கிறதா என்று பார்க்கத்தான். அண்டை வீட்டுக்காரர் என்னைப் பற்றி என்ன நினைக்கிறாரோ.

நேற்று கடைசி நாள். ஜன்னல் இறுகிப்போயிருந்தது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பித் திறந்தேன்.

"குட்ருன், அக்கவுன்ட் திறக்கிற வரைக்கும் கொஞ்சம் வெளிய நில்லும்மா. உன் கடைக்காகத்தானே?"

கடற்காற்று உள்ளே வந்தது. ஏப்ரன் ஒருமுறை அசைந்தது.

வீடியோவில் அதே பெண். என் தோளுக்கு மேலே நன்றாகப் பார்த்தாள்.

"இன்னிக்குத் தனியா இருக்கீங்க. ரொம்ப நல்லது சார்."

வியாபாரத்துக்கு அதே பெரிய தொகையைத்தான் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. கணக்கு உடனே திறந்துவிட்டது. வாழ்த்து வேறு சொன்னாள். இடமும் உறுதியாகிவிட்டது.

வரும்போது தடித்த கோட்டாக எடுத்து வா. சமையலறை ஐஸ்பெட்டி மாதிரி இருக்கிறது. ஜன்னலை நான் இன்னும் சாத்தவில்லை.

உன் அப்பா