இனி ஆடாத கல்

அன்புள்ள அத்தான்,

போனில் சொன்னால், "ஒனக்கெதுக்கு இந்த வேல?" என்று கத்துவீர்கள், அதனால் எழுதுகிறேன். புறவாசலில் கக்கூஸ் வரைக்கும் நானே பேவர் கல் பதித்துவிட்டேன்.

முதலில் எல்லாக் கல்லும் ஆடியது. எதிர்வீட்டு பாக்கியவதி அக்கா சிரித்தாள்: "ஏளா, மருந்து ரூமா இது? ஓங்கிப் போடு, வெடிக்காது."

பட்டாசுக் கம்பெனியில் எதையும் மெல்லத் தொட்டே பழகிய கை. அதிலும், மருந்து ரூம் வெடித்து உங்களுக்கு அப்படி ஆனபிறகு சுத்தியலை ஓங்கவே வரவில்லை. கண்ணை இறுக்க மூடிக்கொண்டு போட்டேன். வெறும் சத்தம்தான். கண்ணைத் திறந்தால் எல்லாம் அப்படியே இருந்தது. அப்புறம் அழுதுகொண்டே அத்தனை கல்லையும் அடித்து இறுக்கினேன்.

உங்களுக்கு வாங்கிய சக்கர நாற்காலியில் நானே உட்கார்ந்து உருட்டிப் பார்த்தேன். எங்கேயும் குலுங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து தைரியமாக வாருங்கள். இங்கே உங்களை யாரும் தூக்கிக்கொண்டு போக வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்காரி