‘கேட்கவில்லை’ என்று போடும் இடம்

ஸ்பிரிங்வேல், மெல்பேண்
6.3.2011

என்ர செல்லப் பேத்தி கஜந்திக்கு அம்மம்மா எழுதுவது,

முழங்கால் நோவைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. இஞ்ச இருக்கிற மற்றப் பேரப்பிள்ளையளும் கெட்டிக்காரர்தான்: லதீஸ் இஞ்சினியர் படிப்பில் இரண்டாம் வருசமும் பாஸ். ஜசிந்தன் முதல் தரமே கார் லைசன்ஸ் எடுத்துப்போட்டான், தகப்பன் மூன்றாம் தரம்தான் எடுத்தவர். தர்ஷனா கோயில் மேடையில் வீணை வாசிச்சவள், சனம் நல்லாய்க் கை தட்டினது. ஆனால் என்னைக் கேட்டால் எல்லாருக்கும் மேலே நீதான். சிட்னிக் கோர்ட்டில் நீதவான் கதைச்சாலும் வழக்குப் பேசுற அப்புக்காத்து கதைச்சாலும், அந்த ஒலிநாடாவைக் கேட்டு என்ர பேத்தி அடிச்சுக் குடுத்தால்தான் அது எழுத்து. ஜூனில் அந்த வேலைக்குச் சான்றிதழ்ச் சோதனை எடுக்கிறாய் எண்டு கோயிலில் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன். “பாஸ் பண்ணட்டும், பிறகு சொல்லுங்கோவன்” எண்டாள் பக்கத்து வீட்டு விஜயா. நான் ஏன் பொறுத்திருக்கவேணும்?

இனி ஒரு விசயம். என்ர தங்கச்சி மகன் சிறிதரன், உன்ர மாமா, லிட்கம் சந்தியில் லொறி அடிச்சுத் தன்ர கை முறிஞ்சதுக்கு நட்டஈடு கேட்ட வழக்கில் தோத்துப்போனான். சாட்சி சொல்லேக்க, “அந்த நேரம் போனைப் பார்த்தனான்” எண்டு தானே சொல்லிப்போட்டானாம். இப்ப மேல் கோர்ட்டுக்குப் போகினம். அங்க எழுத்தைத்தான் பார்ப்பினமாம். அவன்ர பெண்சாதி விமலா எனக்குப் போன் எடுத்து ஒரே அழுகை. அந்த ஒலிநாடா நீ வேலை செய்யிற கந்தோருக்குத்தான் வருமாம்.

சத்தம் பிடிபடாத இடத்தில் ‘கேட்கவில்லை’ எண்டு போடுறனாங்கள் எண்டு நீதானே எனக்குச் சொன்னாய். அந்த ஒரு வசனத்துக்கும் அப்பிடிப் போட்டுவிடு. சொந்தத்துக்கு உதவாத படிப்பு என்னத்துக்கு?

உன்ர நினைவாய் இருக்கும்
அம்மம்மா பவளராணி

*

பென்டில் ஹில், சிட்னி
15.3.2011

அன்பு அம்மம்மா,

உங்கட கடிதத்தை ரெயினில் வாசிச்சன். முதலாம் பக்கத்துக்குச் சிரிச்சன். இரண்டாம் பக்கம் வாசிக்கேக்க இறங்கவேண்டிய ஸ்டேசனை விட்டிட்டன்.

அடுத்த நாளே மாமாவின்ர ஒலிநாடா என்ர மேசைக்கு வந்தது. நாலு நிமிசம் கேட்டன், குரல் பிடிபட்டிட்டுது. ஹெட்போனைக் கழற்றிவைச்சிட்டு மனேஜரிட்டப் போய், “இவர் என்ர சொந்தக்காரர், நான் எழுதக்கூடாது” எண்டு சொன்னன். இப்ப வேற ஆள் எழுதுறா. நீங்கள் கேட்டதை நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை.

அம்மம்மா, திருப்பித் திருப்பிக் கேட்டும் விளங்காத இடத்துக்குத்தான் ‘கேட்கவில்லை’ எண்டு போடுறது. மாமாவுக்கு மணி மாதிரிக் குரல். கேட்டதைக் கேட்கேல்லை எண்டு எழுதினால், கூண்டில் ஏறாமல் நான் சொல்லுற பொய்ச்சாட்சி அது. சோதனைக்கு முதல் கையெழுத்து வாங்கிறதே இதைச் செய்யமாட்டன் எண்டுதான். ஆனால் அதுக்காக மட்டும் இல்லை. ஒருத்தரும் கண்டுபிடிக்காட்டிலும் நான் செய்யமாட்டன்.

கோவியுங்கோ. ஆனால் கடிதம் போடுங்கோ.

உங்கட கஜந்தி

*

பென்டில் ஹில்
2.7.2011

அன்பு அம்மம்மா,

இது நாலாவது கடிதம். போன் எடுத்தாலும் “முழங்கால் நோகுது” எண்டு லதீஸிட்டக் குடுத்துவிடுறியள். போன் கதைக்க முழங்கால் என்னத்துக்கு?

சோதனை பாஸ். நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வேணும், எனக்குத் தொண்ணூற்றொன்பது. வேற ஒருத்தருக்கும் இன்னும் சொல்லேல்லை. முதலில் உங்களுக்குத்தான்.

கஜந்தி

*

ஸ்பிரிங்வேல்
24.8.2011

என்ர ராசாத்திக்கு,

கோவம்தான், இல்லையெண்டு சொல்லமாட்டன். உன்ர கடிதம் எல்லாம் வாசிச்சனான். வாசிச்சுப்போட்டு தலகணிக்குக் கீழ வைச்சிட்டுப் படுத்திருந்தனான்.

மேல் கோர்ட்டிலும் சிறிதரன் தோத்துப்போனான். போன சனி ஒரு கலியாணத்துக்கு வந்த இடத்தில் இரண்டுபேரும் இஞ்ச சாப்பிட வந்தவை. நான் சோறு போட்டுக்கொண்டு நிக்கிறன், விமலா சொல்லுறாள், “மாமி, உங்கட பேத்திக்குச் சொந்தத்தைவிட எழுத்துத்தான் பெரிசு.”

சிறிதரன் நிமிர்ந்து பார்த்தான். “என்ன கதை இது?” நாங்கள் உன்னட்டக் கேட்டது அவனுக்குத் தெரியாது, கஜந்தி. எல்லாத்தையும் நான்தான் அவனுக்குச் சொன்னன். சோத்துக் கோப்பையைத் தள்ளிவைச்சான்.

“போனைப் பார்த்தது நான், பெரியம்மா. சொன்னதும் நான். அதை அழிக்க அந்தப் பிள்ளையையோ பிடிச்சனீங்கள்?”

விமலா ரசக் கிண்ணத்தைப் பார்த்தாள். நான் கறிச்சட்டியைப் பார்த்தன். பிறகு விமலாவுக்குச் சொன்னன், “ஓம் பிள்ளை, அவளுக்கு எழுத்துத்தான் பெரிசு. அதாலதான் அவளை அங்க இருத்தியிருக்கினம்.”

நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவள். பேர் எழுதத் தெரிஞ்சால் காணும் எண்டு வீட்டில மறிச்சுப்போட்டினம். என்ர பிள்ளை பெத்த பிள்ளை எழுதினதை ஒரு கோர்ட்டே நம்புது. அதை நானே கெடுக்கப் பார்த்தன். இப்ப கோயிலில் தொண்ணூற்றொன்பது, தொண்ணூற்றொன்பது எண்டு சொல்லித் திரியிறன். “மிச்சம் ஒண்டு எங்கயாம்?” எண்டு விஜயா கேட்டவள். அவளுக்கு வாய்.

சான்றிதழைப் பிடிச்சுக்கொண்டு நிண்டு ஒரு புதுப் படம் எடுத்துத் தபாலில் போடு. லதீஸ் கம்பியூட்டரில் காட்டுற படம் வேண்டாம், கையில் வைச்சுப் பார்க்கிற படம். இரண்டாய் அனுப்பு. ஒண்டு சிறிதரன் கேட்டவன்.

அம்மம்மா