சாவி என்னிடம், கையெழுத்து அவரிடம்

உம் மகன் அனுப்பிய பதிவுத் தபால் நேற்று மதியம் வந்தது. உறையைக் கிழித்ததும் முதலில் வந்தது கார்பன் தாளின் வாசனைதான். இத்தனை வருஷம் பெட்டிக்குள் கிடந்தும் அது போகவில்லை, ஓய். வெங்காயச் சருகு போன்ற மெல்லிய தாள், நான்கு பக்கம், கலங்கிய நீல எழுத்து. கூடவே ஒரு சீட்டு. "அப்பா மறைந்த பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தோம், இதைப் பழைய பாஸ்போர்ட்டுக்குள் மடித்து வைத்திருந்தார்கள். உங்களைப் பற்றி அடிக்கடி சொல்வார்கள், அதனால் உங்களுக்கு அனுப்புகிறேன்" என்று எழுதியிருந்தான். பாஸ்போர்ட்டுக்குள்ளா! வைக்க வேறு இடமே கிடைக்கவில்லையா உமக்கு? உட்கார்ந்தவன் சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும்வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

பர் துபாயில் நம் கடை இருந்த சந்து இப்போது அடையாளம் தெரியாது என்கிறார்கள். டைப்பிங்கும் மொழிபெயர்ப்பும் செய்யும் கடை. முன்னறையில் நீர், உம் ரெமிங்டன் மெஷின், தலைக்கு மேலே கடகடக்கும் ஃபேன். பின்னால் எங்கள் அர்பாபின், அதுதான் அரபி முதலாளியின், சரக்குக் கிட்டங்கி, அதில் ஏழெட்டு மலபாரிகள். நான் மேனேஜர். காயல்பட்டினத்தில் எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வந்தவனுக்கு அந்தப் பட்டம் கொடுத்த மிதப்பு கொஞ்சநஞ்சமல்ல. நீர் பாளையங்கோட்டையில் பி.ஏ. படித்து, சட்டப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர். இருந்தாலும் என்னிடம்தான் லீவு கேட்க வேண்டும். அதில் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது, இப்போது சொல்லவே கூசுகிறது.

என் மேசைக்குப் பின்னால் அந்தப் பச்சை இரும்பு அலமாரி. வேலைக்குச் சேரும் நாளிலேயே எல்லோருடைய பாஸ்போர்ட்டும் அதற்குள் போய்விடும். விசா கொடுத்த கஃபீல் வைத்துக்கொள்வார், ஊருக்குப் போகும்போது கொடுப்பார், அதுதான் வழக்கம். துபாயில் எல்லாக் கடையிலும் அப்படித்தான் என்பதால் யாரும் அதைப் பற்றிப் பேசியதில்லை. சாவி என் இடுப்பு பெல்ட்டில் தொங்கியது.

நம் அர்பாப் கெய்ரோவில் சட்டம் படித்தவர். நாடு பிறந்தே நாலைந்து வருஷம்தான் ஆகியிருந்தது. படித்தவர்கள் குறைவு, அதனால் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த மனிதரை ஜெனீவாவில் மனித உரிமை பற்றி நடந்த கூட்டத்துக்குப் போகும் குழுவில் சேர்த்துவிட்டார்கள். பேச வேண்டியதை அவர் உடைந்த ஆங்கிலத்தில் சொல்லச் சொல்ல நீர் எழுதித் திருத்தினீர். "பெரிய நாடுகளிடம் போர்க்கப்பல் இருக்கிறது. நம்மைப் போன்ற சின்ன நாட்டுக்குச் சட்டம்தான் கப்பல்" என்று அவர் சொன்னபோது மேசையைத் தட்டி, "ஜோரு சார்" என்றீர். உண்மையாகவே அந்தப் பேச்சு உமக்குப் பிடித்திருந்தது. முடிவில் கனமாக ஒரு வரி வேண்டும், நீயே போடு என்று சொல்லிவிட்டுப் போனார்.

நீர் போட்ட வரி இது: எந்த மனிதனுக்கும் தான் இருக்கும் நாட்டை விட்டுப் புறப்படவும், தன் சொந்த நாட்டுக்குத் திரும்பவும் உரிமை உண்டு, அதைத் தடுக்க யாருக்கும் அதிகாரமில்லை.

தட்டி முடித்த எதையும் ஒருவர் உரக்க வாசிக்க, மற்றவர் கையெழுத்துப் பிரதியோடு ஒத்துப் பார்ப்பது நம் கடை முறை. அன்றைக்குக் கார்பன் பிரதியைக் கையில் பிடித்து வாசித்தவன் நான். அலமாரிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, பெரிய பிரசங்கி மாதிரி அந்த வரியை வாசித்தேன். நீர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தீர். "இன்னொரு தடவ வாசியும் வே" என்றீர். தப்பிருக்கிறதோ என்று நினைத்து மறுபடியும் வாசித்தேன். "சரியாத்தான வே இருக்கு" என்றேன். நீர் மெஷினுக்கு உறை போட்டு மூடினீர்.

அதற்கு முந்தின மாதம்தான் கிட்டங்கியில் இருந்த குஞ்ஞாலி, வாப்பா மௌத்தாகிவிட்டார் என்று என் மேசைக்கு முன்னால் நின்று அழுதான். அர்பாபின் கையெழுத்து வாங்கி வா என்றேன். அவர் ராசல்கைமாவில் இருந்தார். மூன்று நாள் ஓடிவிட்டது. "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி குடுக்க மாட்டான்னு எங்க ஊர்ல சொல்லுவாங்க வே" என்று நீர் சிரித்தீர். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன்.

அர்பாப் புறப்பட்டுப் போன மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலை, உமக்குத் தந்தி வந்தது. கோமதி கவலைக்கிடம், உடனே புறப்படவும். உம் மகள் கோமுவுக்கு அப்போது ஆறு வயது. மூளைக் காய்ச்சல் என்பது பிறகுதான் தெரிந்தது. தந்தியை என் மேசைமேல் வைத்துவிட்டு நின்றீர். மறுநாள் பம்பாய் விமானத்தில் இடமிருக்கிறது என்று விசாரித்துவிட்டே வந்திருந்தீர்.

"ஜெனீவா ஹோட்டலுக்கு டெலக்ஸ் அடிக்கேன். சரின்னு பதில் வந்ததும் குடுத்துருதேன்" என்றேன்.

"சாவி உம்மகிட்டதான வே இருக்கு?"

"சாவி எங்கிட்ட இருக்கு வே. கையெழுத்து அவர்கிட்டல்லா இருக்கு?"

எத்தனை சாமர்த்தியமான பதில்! சொல்லும்போது எனக்கே அது பிடித்திருந்தது. நாக்கு அழுகிப்போயிருக்கக் கூடாதா, ஓய்? நீர் சண்டை போடவில்லை, கெஞ்சவும் இல்லை. திங்கட்கிழமை விமானம் போயிற்று. டெலக்ஸுக்குப் பதில் இல்லை. செவ்வாயும் பதில் இல்லை. நீர் க்ரீக் ஓரத்துக் கோயிலுக்குப் போய்விட்டு வந்து, நெற்றியில் திருநீறோடு யாருடைய விசாப் பேப்பரையோ தட்டிக்கொண்டிருந்தீர். புதன் காலை இரண்டாம் தந்தி வந்தது. செவ்வாய் மாலை கோமு போய்விட்டாள்.

வியாழன் மதியம் அர்பாப் வந்தார். முகமெல்லாம் பூரிப்பு. செவ்வாய்க்கிழமை பேசினாராம், கடைசி வரிக்குக் கைதட்டல் அடங்கவே இல்லையாம், பெரிய நாட்டுத் தூதர்கள் தேடி வந்து கை கொடுத்தார்களாம். எங்கே நம் ஆள் என்று உம்மைத் தேடினார். கையெழுத்துக்காகக் காத்திருந்தது வரை நான் விஷயத்தைச் சொன்னேன். டெலக்ஸ் அவர் கைக்கே போகவில்லை, ஹோட்டலில் யாரோ வேறு அறைக்குக் கொடுத்திருக்கிறார்கள். பிறகு, நமக்குப் புரியட்டும் என்று அவர் பேசும் அரைகுறை உருதுவில் என்னைக் கேட்டார்.

"கையெழுத்தா? என்ன கையெழுத்து?"

"உங்க கையெழுத்து, அர்பாப். அது இல்லாம நான் எப்படித் திறப்பேன்?"

"வல்லா, அப்படி எப்போது சொன்னேன்? அவசரத்துக்குத் திறந்து கொடுக்கத்தானே சாவியை உன்னிடம் வைத்தேன்?"

சத்தியமாக அவர் சொன்னதே இல்லை. முதல் வருஷம் நான்தான் ஒரு லீவுப் பாரம் தயாரித்து, கீழே கையெழுத்துக்குக் கோடு போட்டு, ஒழுங்காக இருக்கட்டும் என்று அவர் முன் நீட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே போட்டார். அடுத்ததற்கும் நீட்டினேன், போட்டார். நானே கட்டிய சுவரை அவர் கட்டியதென்று நம்பி அதன் முன்னால் காவல் நின்றிருக்கிறேன். அவர் நல்லவர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அலமாரியை வாங்கி வைத்தது யார் என்று அன்று அவரைக் கேட்க எனக்குத் துணிவு வரவில்லை. ஜெனீவாவில் அந்த வரியை வாசித்தவருக்கும் அது தோன்றவில்லை.

உம்மை வரச்சொல்லி, அலமாரியைத் திறந்து உம் பாஸ்போர்ட்டை எடுத்தேன். உம் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி, மறுபடியும் பூட்டினேன். பூட்டிய பிறகுதான் என்ன செய்தேன் என்பதே உறைத்தது. நீர் அதைப் பார்த்துக்கொண்டு நின்றீர்.

விமான நிலையத்துக்கு டாக்ஸியில் போகும்போது வழி நெடுக நான் அழுதேன். நீர் அழவில்லை. இறங்கும்போது என் தோளில் கை வைத்து, "உம்மதும் அதுக்குள்ளதான வே கிடக்கு? எடுத்துக்கிடும்" என்றீர். இரண்டடி நடந்தவர் திரும்பி வந்தீர். இன்றைக்கும் அந்தக் குரல் எனக்கு அப்படியே கேட்கிறது.

"அந்தக் கடைசி வரிய அவரு வாசிக்கணும்னு நான் போடல வே. நீரு வாசிப்பீருன்னுதான் போட்டேன்."

அதன்பின் நீர் திரும்பி வரவில்லை. ஊரில் வாத்தியார் வேலைக்குப் போனீர், ஒவ்வொரு பெருநாளுக்கும் எனக்கு வாழ்த்து எழுதினீர். ஒரு கடிதத்திலாவது திட்டியிருக்கலாம். நான் என் பாஸ்போர்ட்டை எடுக்க இன்னும் இரண்டு வருஷம் ஆனது. எடுத்த அன்று மற்றவர்களுடையதையும் அவரவர் கையில் கொடுத்துவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு வந்தேன். அப்படிச் செய்தது வீரம் என்று நினைத்துக் கொஞ்ச காலம் நிம்மதியாகக்கூட இருந்தேன்.

நேற்று அந்த நான்காம் பக்கத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஒத்துப் பார்த்ததற்கு அடையாளமாக ஒவ்வொரு வரிக்கும் சிவப்புப் பென்சிலால் டிக் போடுவது என் பழக்கம் அல்லவா? எழுத்தெல்லாம் மங்கிவிட்டது, சிவப்பு மங்கவில்லை. எல்லா வரிக்கும் ஒன்றுதான். அந்தக் கடைசி வரிக்கு மட்டும், இரண்டு தடவை வாசித்தேன் என்பதால், பக்கத்தில் இரண்டு டிக் போட்டிருக்கிறேன். கீழே என் கையெழுத்து.