ஃபேனுக்குக் கட்டிய கல்யாண பேண்ட்

ஜெரினா,

நீ இன்று மதியம் வருவாய் என்று உன் தம்பி பக்கத்து வீட்டுக்குப் போன் செய்து சொன்னான். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஆனால் நான் கம்ப்யூட்டரில் அடித்த ஒரு கல்யாணப் பத்திரிகையின் புரூஃபைக் காட்டக் குன்றக்குடி வரை போயே ஆகவேண்டும். நாலு மணிக்குள் வந்துவிடுவேன். சோறும் ரசமும் மூடி வைத்திருக்கிறேன். ரசத்தில் உப்புக் கூடிவிட்டது, மோர் இருக்கிறது.

கம்ப்யூட்டர் பக்கம் பார்த்துப் பயந்துவிடாதே. அது என் கல்யாண பேண்ட். இடுப்பைப் பிரித்து டேபிள் ஃபேனின் கூண்டைச் சுற்றிக் கட்டியிருக்கிறேன். எனக்கு அது பத்தாமல் போய் மூன்று வருஷம் ஆகிறது, திட்டாதே. ஒரு கால் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் போகிறது. முன்போலச் சூடேறி மணிக்கொரு தடவை நிற்பதில்லை.

இன்னொரு கால் உன் தையல் மிஷினுக்கு வருகிறது. "கம்ப்யூட்டருக்கு வேர்க்குதுன்னு ஃபேனத் தூக்கிட்டுப் போறீகளே, எனக்கு வேர்க்காதா?" என்று கேட்டுவிட்டுத்தானே அம்மா வீட்டுக்குப் போனாய். மறுநாளே கட்டிவிட்டேன். உட்கார்ந்து பார், கழுத்துக்கு நேராகக் காற்று வரும்.

மரிய அனிதா உன்னிடம் தைக்கக் கொடுத்த ஜாக்கெட்டைக் கேட்டு வருவாள். அலமாரி மேல்தட்டில் இருக்கிறது.

- சகாயம்

எழுத மறந்தது: நேற்றும் கம்ப்யூட்டர் ஒரு தடவை நின்றது. பக்கத்து வீட்டு இராமு பார்த்துவிட்டு, "மிஷின் பக்கம் போற கால முடிச்சுப் போட்டுட்டா பூராக் காத்தும் பொட்டிக்குப் போகுமே, அண்ணே" என்றான். கயிறுகூட எடுத்துக் கொடுத்தான். பதினோரு நாளாக உன் வெறும் நாற்காலிக்குத்தான் அந்தக் கால் வீசிக்கொண்டிருக்கிறது. முடிச்சுப் போட எனக்குக் கை வரவில்லை.