ஸ்ரீபன் இறந்த இடம்

அல்பெர்கேரியா,
பலெர்மோ.
20.10.2024

அன்புள்ள கிளறா அக்காவுக்கு,

கர்த்தர் துணையால் நான் சுகம். உங்கள் முழங்கால் நோவு குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே மழை தொடங்கிவிட்டது. நான் பராமரிக்கும் சிஞ்ஞோர் கர்மேலோவுக்குத் தொண்ணூற்றாறு வயது. குளிப்பாட்டி, சாப்பாடு தீத்தி, சக்கர நாற்காலியில் கோயிலுக்குத் தள்ளிக்கொண்டு போவது என் வேலை. ஞாயிறு பின்னேரம் மட்டும் லீவு. தமிழில் கதைக்க அந்த நேரம்தான். சில கிழமைகள் அதுவும் இல்லை.

உங்கள் தம்பி ஸ்ரீபனுக்குச் சேமக்காலையில் கல்லறைக் கல் வைக்க, அவன் சண்டையில் விழுந்த இடமும் தேதியும் கேட்டிருந்தீர்கள். மூன்று மாதம் பதில் எழுதவில்லை. மன்னியுங்கோ.

அக்கா, அவன் சண்டையில் சாகவில்லை.

எண்பத்து நாலில் அவனும் நானும் வள்ளமேறிப் போனது உங்களுக்குத் தெரியும். வாசிகசாலையில் ஏழெட்டுப் பேர் துண்டுப்பிரசுரம் அடித்துத் தொடங்கிய இயக்கம் அது. எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எங்களைப்போல நூற்றுக்கணக்கில் சேர்ந்தார்கள். பக்கத்து நாடு ஆயுதமும் பயிற்சியும் தந்தது. மலையடிவாரத்தில் முகாம். சொல்லித்தந்தவர்கள் சாதாரண உடுப்பில் வந்த அவர்களுடைய ஆட்கள். வெளியுலகத்துக்கு அப்படியொரு முகாமே கிடையாது.

அங்கேதான் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனால் பெயரும் ஊரும் பதிய வேண்டும் என்று சொல்லித்தந்தவர்கள் மறுத்துவிட்டார்கள். எங்கள் இயக்கப் பொறுப்பாளரும் அதற்குத் தலையாட்டினார். நான் ஒருமுறை கேட்டேன். இரண்டாம் முறை கேட்கப் பயந்தேன். நாலாம் நாள், "அக்காட்டைப் போவம்" என்று என் கையைப் பிடித்தான். ஓம் என்றேன். அன்று பின்னேரம் முடிந்துவிட்டது. அவன் வேதக்காரன், புதைக்க வேண்டும் என்று சொன்னேன். குழி இருந்தால் கேள்வி வரும் என்று ஆற்றங்கரையில் எரித்தார்கள்.

களத்தில் பலி என்று இயக்கம் நோட்டீஸ் அடித்தது. அதை உங்கள் அம்மாவின் கையில் கொடுத்தவன் நான்.

இதைச் சிஞ்ஞோருக்குத்தான் முதலில் சொன்னேன், மறந்துவிடுவார் என்ற தைரியத்தில். பலெர்மோ இருக்கும் இந்தத் தீவையும் தனிநாடாக்க ஒருகாலம் பெடியங்கள் மலையேறினார்களாம். அவரும் பதினாறு வயதில் போனாராம். வெளிநாட்டுக்காரன் உதவிக்கு வருவான் என்று காத்திருந்து ஏமாந்தோம் என்றார். அடுத்தநாள் காலை, உன் சிநேகிதன் பெயர் என்ன என்று கேட்டார். இந்த ஊரில் அன்றுதான் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னேன்.

கல் வைப்பதைக் கைவிட வேண்டாம். இறந்த நாள் 1984 நவம்பர் 17. இடத்துக்கு என்ன எழுதுவதென்று எனக்குத் தெரியாது. அந்த ஊரின் பெயரை எங்களுக்குச் சொல்லவே இல்லை.

ஏசியாவது ஒரு வரி எழுதுங்கோ, அக்கா. அதுவும் ஏலாவிட்டால், கடிதம் கிடைத்ததென்று யாரிடமாவது சொல்லிவிடுங்கோ. மாதா உங்களைக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தம்பியோடு போன
அகஸ்ரின்