மத்தியானத்தில் ஓடுகிறவர்

திருத்தணி, 4-3-1946

அன்புள்ள பாவாவுக்கு,

உங்கள் கார்டு பத்து நாளைக்கு முன்பு வந்தது. பி.ஏ. பரீட்சை முடியும்வரை ஓடப் போவதில்லை, நைனாவுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். மகன் எழுதியதை மாமா இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டார்.

அன்று மத்தியானம்தான் முதலில் பார்த்தேன். கொளுத்தும் வெயிலில் மலைப்படிகள் காலியாகக் கிடந்தன. நீங்கள் ஓடி இறங்கினீர்கள். இடது தோள் சற்றுத் தாழ்ந்த அதே ஓட்டம். நம் வாசலைத் தாண்டும்போது மூச்சுச் சத்தம் கேட்டது. காலடிச் சத்தம் கேட்கவில்லை.

அதன்பின் தினமும் பார்க்கிறேன்.

நாலாம் நாள் மாமாவும் தறியை விட்டு எழுந்து வந்து பார்த்தார். "பட்டணத்துல படிச்சிகினு இருக்கிறவன் இங்க எப்படிம்மா ஓடிகினு இருக்கான்?" என்றார். அன்று அவர் சாப்பிடவில்லை.

இன்று காலை அவரே காகிதம் வாங்கி வந்தார். "நைனா தப்பா சொல்லிட்டாருன்னு எழுதும்மா. படிக்கட்டும், சாயங்காலத்துல ஓடவும் ஓடட்டும். இங்க ஓட வேணாம்னு சொல்லு" என்றார். அவர் கண் கலங்கி இதற்கு முன் நான் பார்த்ததே இல்லை.

மாமாவிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு. நேற்று அவர் சந்தைக்குப் போயிருந்தபோது, ஓடுகிறவர் வாசலில் நின்று தண்ணீர் கேட்டார். உங்கள் குரல்தான். சொம்பை வாங்கும்போது விரல் பட்டது. வெயிலில் ஓடி வந்தவர் கை ஐஸ் மாதிரி இருந்தது. "உள்ள வரட்டுமா?" என்றார். நான் கதவைச் சாத்திவிட்டேன்.

கடிதம் கண்டவுடன் மைதானத்துக்குப் போங்கள். நீங்கள் போய் ஐந்து மாதம் ஆகிறது. ஓடுகிறவர் மறுபடி கேட்டால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது.

இப்படிக்கு,
உங்கள் மனைவி