ஆறாம் கொட்டகையும் பதினொன்றாம் கொட்டகையும்

மார்ச் 4, செவ்வாய்

காலையிலிருந்து தெற்குக் காற்று. ஓடுபாதையில் ஒருவரும் இறங்கவில்லை. மருந்து தெளிக்கும் விமானம் ஒன்றின் பிரேக்கைப் பிரித்துப் போட்டுவிட்டு வெளியே வந்தபோதுதான் பார்த்தேன், ஆறாம் விமானக் கொட்டகைக் கதவில் நகராட்சியின் கடிதம் ஒட்டியிருந்தது.

படிக்கத் தேவையில்லை. ஜனவரியில் நானும் சேர்ந்து எழுதியதுதான். கொட்டகையில் இருக்கும் விமானம் பறக்கும் நிலையில் இருக்க வேண்டும், அல்லது பழுதுபார்ப்பில் இருக்க வேண்டும். இரண்டும் இல்லையென்றால் தொண்ணூறு நாளில் காலி செய்ய வேண்டும். விமான நிலையக் குழுவில் நாங்கள் ஐந்து பேர். நான்கு பேர் கை தூக்கினோம்.

தூக்கும்போது ட்ரூடியை நினைத்துக்கொண்டுதான் தூக்கினேன். கொட்டகை கேட்டு ஆறு வருடமாகக் காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறாள். அவளுடைய விமானம் வெட்டவெளியில் கயிறு கட்டி நிற்கிறது. போன கோடையில் ஆலங்கட்டி விழுந்து இறக்கை முழுக்கப் பள்ளம். நான்தான் சரிசெய்தேன்.

ஆறாம் எண் என் பழைய சிநேகிதர் வெண்டலுடையது. பதினோரு வருடமாக அவர் விமானம் நகரவில்லை. கை தூக்கும்போது அவர் நினைவே வரவில்லையா எனக்கு? உண்மையாகவே வரவில்லையா?

மார்ச் 5, புதன்

கடிதத்தைக் கையில் பிடித்தபடி என் பட்டறைக்கு வந்தார் வெண்டல்.

“கை தூக்கினது எத்தன பேரு?”

“நாலு பேரு.”

“அதுல நீ உண்டா?”

“உண்டு.”

தலையை ஆட்டினார். மேசைமேல் இருந்த கொலாச்சி இனிப்பு ரொட்டிகளைப் பார்த்து, “ஆப்ரிகாட்டா, கசகசாவா?” என்று கேட்டார். கசகசா என்றேன். ஒன்றை எடுத்துத் தின்றுகொண்டே போய்விட்டார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மார்ச் 11, செவ்வாய்

பதினொன்றாம் கொட்டகையில் விமானமே இல்லை. காற்றில் கதவு சற்று விலகியிருந்தது, எட்டிப் பார்த்தேன். மீன்பிடிப் படகு ஒன்று, பின்னால் இழுவை வண்டி, அவ்வளவுதான். அது நகரமன்ற உறுப்பினர் நீல் பார்டெக் வாடகைக்கு எடுத்தது. அந்தக் கதவில் கடிதம் எதுவும் இல்லை.

நேரே நகர நிர்வாகி ஸ்டாடரிடம் போனேன். மனிதர் வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. கெட்டவர் இல்லை.

“அதுல விமானம் இருக்குன்னு பதிவேட்டுல இருக்கே, ரெனாட்டா.”

“பதிவேட்டுல இருக்கு. கொட்டகையில இல்ல.”

“எல்லாத்தையும் ஒரே நாள்ல பண்ண முடியுமா? ஒண்ணொண்ணா வருவோம்.”

“அப்ப ஏன் ஆறுலருந்து ஆரம்பிச்சீங்க?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கத் தொடங்கினார்.

சரி, படகை வெளியே தள்ள வைத்தால் வெண்டலுக்கு என்ன லாபம்? ஒன்றும் இல்லை. அவர் போகத்தான் வேண்டும். பிறகு எனக்கு ஏன் இந்தக் கோபம்? நியாயத்துக்காகவா, நான் கை தூக்கியதை மறக்கவா?

மார்ச் 12

விதி சரிதான். விதி தப்பு. மாற்றி மாற்றிச் சொல்லிப் பார்த்தேன், இரண்டும் பொருந்துகிறது.

மார்ச் 20, வியாழன்

வழி கிடைத்துவிட்டது என்று குதித்தேன். “பழுதுபார்ப்பில்.” மெக்கானிக் ஒருவர் கையெழுத்துப் போட்டால் போதும். மெக்கானிக் நான்தானே! நாளைக்கே விமானத்தில் கை வைக்கிறேன் என்றேன் வெண்டலிடம்.

“வேண்டாம்.”

“ஏன்?”

“வேண்டாம்னா வேண்டாம், விடேன்.”

என்ன மனிதர் இவர்? கொட்டகையும் வேண்டும், அதைக் காப்பாற்றவும் கூடாதா?

மார்ச் 21, வெள்ளி

எழுதாமல் இருக்க முடியவில்லை.

காலையில் என் வேலைப் பதிவுகளைப் புரட்டினேன். இந்தப் பதினோரு வருடத்தில் வெண்டலின் விமானத்தை நான்கு முறை சரிசெய்து கொடுத்திருக்கிறேன். நான்கு முறையும் ஒரு வாரத்துக்குள் வேறு ஒரு கோளாறு சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். பெட்ரோல் கசிகிறது என்றார், நான் பார்த்தபோது கசியவில்லை. இன்ஜின் திணறுகிறது என்றார், எனக்குத் திணறவில்லை.

கொட்டகைக்குப் போனேன். அவர் தடுக்கவில்லை. கதவை முழுதாகத் திறந்து சாவியைத் திருப்பினேன். மூன்றாவது முயற்சியில் இன்ஜின் பிடித்தது. அவர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்.

“வெண்டல், இது நல்லா ஓடுதே!”

“ஓடும். எனக்குத் தெரியும்.”

இன்ஜினை அணைத்தேன். அவர் திரும்பாமலேயே பேசினார்.

“கண்ணு போச்சும்மா. நடுவுல ஒண்ணும் தெரியல, ஓரத்துலதான் தெரியுது. டாக்டர் பறக்கச் சான்று தரமாட்டேன்னுட்டாரு. பதினோரு வருஷம் ஆச்சு. விமானம் ரிப்பேர்னு சொன்னா யாரும் மேல கேக்கறதில்ல.”

நான் கேட்டதோ, “அப்ப கார எப்படி ஓட்டிட்டு வரீங்க?”

“யாரு ஓட்டறா? நடந்து வரேன். ஒரு மைல்தானே. நீ இத்தன நாளா கவனிக்கல.”

கவனிக்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்றார். சரி என்றேன்.

இப்போது அந்தக் கையெழுத்தை எப்படிப் போடுவேன்? ட்ரூடியின் விமானத்தைவிட வெண்டலுடையது நல்ல நிலையில் இருக்கிறது. பழுது என்று எழுதினால் பொய். பழுதில்லை என்று எழுதினால், ஏன் பறக்கவில்லை என்று கேட்பார்கள். ஐயோ, என்னதான் பண்ணுவேன்?

ஏப்ரல் 8, செவ்வாய்

மாலை ஐந்தரைக்கு நகரமன்றக் கூட்டம். வேலைக்குப் போகும் வழியில் செவிலியர் உடையிலேயே வந்திருந்தாள் ட்ரூடி. கடைசி வரிசையில் வெண்டல்.

எழுந்து பதினொன்றாம் கொட்டகையைப் பற்றிச் சொன்னேன். விதி என்றால் பதினான்கு கதவுக்கும் ஒரே விதி என்றேன்.

நீல் பார்டெக் சிரித்தார். “சிநேகிதரக் காப்பாத்த என் மேல பாயறீங்க. அந்த ஆறாம் நம்பர் பத்தி ஒரு வார்த்தை பேசினீங்களா? அந்த விமானம் பறக்குமா பறக்காதா? மெக்கானிக்கு நீங்கதானே, சொல்லுங்க.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். அவர் சொன்னதில் பொய் எங்கே இருந்தது?

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

“பறக்கும்” என்றார் வெண்டல். “நாலு தடவ பாத்துக் குடுத்திருக்கா. நல்லாப் பறக்கும். நான்தான் பறக்க முடியாது. எனக்குக் கண்ணு தெரியல. ஆறாம் நம்பரக் காலி பண்றேன், எழுதிக்கோங்க. இப்ப பதினொண்ணப் பத்திப் பேசுங்க.”

அதன்பிறகு முடிவெடுக்க அதிக நேரம் ஆகவில்லை. பதினான்கு கதவுகளையும் ஒரே நாளில், ஊர் பார்க்கத் திறந்து சோதிக்க வேண்டும் என்று தீர்மானம். பார்டெக்கும் கை தூக்கினார். வேறென்ன செய்வார்!

ஏப்ரல் 9

நான் சொல்லவில்லை. வாக்கைக் காப்பாற்றினேன். ஆனால் நான் வாயை மூடி நின்றதுதானே அவரை எழுப்பியது? ஜெயித்தோமா? யார் ஜெயித்தது?

மே 17, சனி

வயோமிங் மாநிலத்திலிருந்து வந்த பள்ளி ஆசிரியை ஒருத்தி வெண்டலின் விமானத்தை வாங்கிக்கொண்டாள். பறக்கத் தகுதியானது என்று கையெழுத்துப் போட்டேன், இந்த வருடத்தில் எந்தக் குழப்பமும் இல்லாமல் நான் போட்ட ஒரே கையெழுத்து.

ஓடுபாதை ஓரத்தில் இருவரும் நின்றோம்.

“தரைய விட்டுடுச்சா?”

“விட்டுடுச்சு.”

“எந்தப் பக்கம் திரும்புது?”

“மேற்கே.”

“அவசரப்படாமத் திரும்பறாளா?”

“நல்லாத் திரும்பறா, வெண்டல்.”

சத்தம் தேய்ந்து முடியும்வரை தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஜூன் 10

படகு போய்விட்டது. பதினொன்றில் ட்ரூடி. ஆறில் பட்டியலின் அடுத்த ஆள். என் பட்டறையே இங்கே ஒரு வாடகைக் கொட்டகையில் இருக்கும்போது மற்ற வாடகைக்காரர்களின் மேல் விதி எழுத என்னால் முடியவில்லை, குழுவிலிருந்து விலகினேன். “உங்க இடத்துல யாரப் போடறது?” என்று கேட்டார் ஸ்டாடர். கொட்டகை இல்லாத ஆளாகப் பாருங்கள் என்றேன்.

செப்டம்பர் 3, புதன்

குழுவின் புதிய உறுப்பினர் இன்று சோதனைக்கு வந்தார். ட்ரூடி அவருக்குப் படித்துச் சொல்லவும் எழுதவும் கூடவே வந்தாள். உறுப்பினர் வெண்டல் கொட்டகை கொட்டகையாகக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டே வந்து, என் பட்டறை மூலையில் நின்றார்.

“இது என்ன?”

“சோபா.”

“பறக்குமா?”

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“ரிப்பேர்ல இருக்கா?”

“இல்ல.”

“எழுதிக்கோ ட்ரூடி. தொண்ணூறு நாள்.”

அவள் தலையைக் குனிந்தபடி எழுதினாள். அவர்கள் போனதும் சோபாவை நானே இழுத்து வெளியே, ஓடுபாதை பார்த்த சுவரோரம் போட்டேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பின் வெளியே வந்தபோது வெண்டல் அதில் உட்கார்ந்திருந்தார். யாரோ இறங்கிக்கொண்டிருந்தார்கள். தலையைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.